கடல் இல்லாத மாவட்டத்தில் கமகம மீன் வறுவல்… ஒகேனக்கல் போனால் எந்த மீன், யார் கை, எந்த எண்ணெய்?

தருமபுரி மாவட்டத்தின் வரைபடத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கடல் வராது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பல மணி நேரம் கார் ஓட வேண்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்னாகரத்தைத் தாண்டி மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளில், பாதி பேரின் மனசு அருவியில் இல்லை. மீனில் இருக்கிறது.

பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே தெரிந்துவிடும். அருவியின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால், மிளகாய்த்தூளும் பூண்டும் சேர்ந்து எண்ணெயில் பொரியும் வாசனை மூக்குக்கு வந்துவிடுகிறது. அகலமான இரும்புக் கல்லில் சிவப்பு மசாலா தடவிய மீன்கள் வரிசையாகப் படுத்திருக்கும். “வாங்கண்ணா, சூடா இருக்கு… வாங்கக்கா, காவிரி மீனு!” என்று இரண்டு பக்கமும் அழைப்பு.

மீன் சாப்பிடுவதற்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் பொதுவாக ராமேஸ்வரம், நாகப்பட்டினம், கடலூர் என்றுதான் பட்டியல் போடுவார்கள். வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்டால் இங்கிலாந்தின் கடலோர ஊர்களையும், அங்கே காகிதத்தில் சுற்றித் தரும் ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸை’யும் சொல்வார்கள். கடலே இல்லாத ஒகேனக்கல் அந்தப் பட்டியலில் இடம் கேட்பது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால், இங்கே நல்ல மீன் வறுவல் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் போர்டில் எழுதியிருக்கும் கடைப் பெயரில் இல்லை. மீனை யார் பார்த்து வாங்கினார்கள், யார் அடுப்பில் பொரித்தார்கள் என்பதில் இருக்கிறது.

‘மீன் வாங்கிட்டீங்களாக்கா?’

ஒகேனக்கல்லில் சாப்பிட இரண்டு வழி. ஒன்று, பொரித்து அடுக்கி வைத்திருக்கும் கடையில் துண்டு கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது. அவசரத்துக்கு அது ஓகே. இன்னொன்றுதான் இந்த ஊருக்கே உரியது. மீனை நீங்களே மீன் கடையில் வாங்க வேண்டும். சமைத்துத் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் பெண்களில் ஒருவரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். அருவியில் குளித்துவிட்டு வந்தால், குழம்பும் வறுவலும் சோறும் தயார்.

கையில் மீன் பையோடு யாராவது வந்தால் போதும்… “மீன் வாங்கிட்டீங்களாக்கா? சமைச்சுத் தரட்டுங்களா?” என்று கேட்டபடி கூடவே நடந்து வருவார்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்வது இரண்டு தரப்புக்கும் நல்லது. சோறு சேர்த்தா, குழம்பும் வறுவலும் மட்டுமா, மளிகைச் சாமான் யார் செலவு என்பதையெல்லாம் அப்போதே கேட்டுவிட வேண்டும். எண்ணெய், மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, வெங்காயம், தக்காளி என்று அவர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள். அதை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்தது.

விவரமான குடும்பங்கள் ஒரு வேலை செய்கின்றன. எல்லோரும் குளிக்கப் போகும்போது, தண்ணீரில் இறங்கப் பயப்படும் பாட்டியையோ அத்தையையோ அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போகிறார்கள். பார்ப்பதற்குக் காவல் மாதிரி இருக்கும். ஆனால், பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் புளிக்கரைசலின் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று பேச்சு நீளும். அந்த வீட்டுக் குழம்பின் ருசி இந்த அடுப்புக்கு வந்து சேருவது அப்படித்தான்.

இந்தப் பெண்களின் கையில் இருக்கும் வேகம் தனி. செதில் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, வறுவலுக்கு ஒரு பங்கு, குழம்புக்கு ஒரு பங்கு என்று பிரித்துவைத்துவிடுவார்கள். தலையும் வாலும் குழம்புக்கு. நடுத்துண்டு வறுவலுக்கு. “பசங்களுக்குக் காரம் கம்மியாப் போடட்டுங்களா?” என்ற கேள்வியும் மறக்காமல் வரும். ஓட்டலில் மெனு கார்டைப் பார்த்துச் சாப்பிடும்போது கிடைக்காத சௌகரியம் இது.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கெண்டை வகை மீனைச் சுத்தம் செய்தால், எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிவாகப் போய்விடும். மூன்று கிலோ வாங்கினோமே, இரண்டு கிலோதான் இருக்கிறதே என்று சமையல்கார அக்காவிடம் சண்டைக்குப் போவது நியாயம் இல்லை. சண்டை போட வேண்டுமென்றால், மீனைத் தராசில் வைக்கும்போதே போட்டுவிடுங்கள்!

‘காவிரி மீன்’ என்றால் என்ன?

எல்லாக் கடையிலும் ஒரே குரல்தான்: “காவிரி மீனு.” அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஒகேனக்கல்லைத் தாண்டியதும் காவிரி, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் போகிறது. 1925-ல் கட்டத் தொடங்கி 1934-ல் முடித்த அணை அது. அணை வருவதற்கு முன்னால், கடலிலிருந்து உல்லம் மீன்கள் முட்டையிடுவதற்காகக் காவிரியில் எதிர்நீச்சல் போட்டு மேலே வந்துகொண்டிருந்தன. வங்காளிகள் உயிரையே விடும் ‘ஹில்சா’தான் நம்ம ஊர் உல்லம். அணை எழுந்ததும் அந்தப் பாதை அடைபட்டது. கடலுக்கும் தருமபுரிக்கும் மீன் வழியாக இருந்த ஒரே உறவும் அதோடு போயிற்று.

இன்று கடையில் பெரிதாகப் படுத்திருக்கும் கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் காவிரியில் பிறந்த வம்சம் அல்ல. வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து அணைகளிலும் ஏரிகளிலும் விட்டு வளர்த்தவை. வறுவல் கல்லில் முழுசாகப் படுத்திருக்கும் ஜிலேபி மீன் இன்னும் தூரத்து உறவு. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. மேலே தடவிய மிளகாயோ போர்ச்சுக்கீசியர்களோடு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆக, ‘ஒகேனக்கல் ஸ்பெஷல்’ வறுவலில் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள தண்ணீரும் கைப்பக்குவமும்தான் மிச்சம்!

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் தேசிய உணவு என்று கொண்டாடப்படும் ஃபிஷ் அண்ட் சிப்ஸின் கதையும் இதேதான். மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழக்கம் அந்த நாட்டில் குடியேறிய யூதர்களோடு வந்தது. உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1860-களில் ஜோசப் மாலின் என்ற யூதர் லண்டனில் நடத்திய கடைதான் முதல் கடை என்று ஒரு கட்சி சொல்லும். இல்லை, வடக்கே மோஸ்லியில் ஜான் லீஸ் என்பவர் போட்ட கடைதான் என்று இன்னொரு கட்சி அடம்பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் அங்கே வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் ரேஷனுக்குப் போனபோதும், இந்த மீனையும் கிழங்கையும் மட்டும் அரசாங்கம் ரேஷனில் சேர்க்கவில்லை. உழைத்துக் களைத்த ஜனங்களின் தட்டில் கைவைக்கத் துணியவில்லை.

சரி, ஒகேனக்கல்லுக்கு வருவோம். ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் வலை போட்டுப் பிடிக்கும் மீன் தினமும் வருவது உண்மை. கெளுத்தி, வாளை, அரஞ்சான், ஆரால் என்று உள்ளூர்ப் பெயர்கள் கேட்டால், அந்தக் கடையில் கொஞ்சம் நிற்கலாம். ஆனால், விடுமுறை நாளில் வந்து குவியும் கூட்டத்துக்கு ஆறு ஒன்றே மீன் கொடுத்து முடியாது. வெளியூர் வளர்ப்பு மீன்களும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். வளர்ப்பு மீன் என்பதாலேயே அது கெட்ட மீன் ஆகிவிடாது. பழைய மீனாக இருந்தால்தான் சிக்கல்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இங்கே சோதனை நடத்தி, கெட்டுப்போன மீன்களை அழிப்பது அவ்வப்போது செய்தியாகிறது. எல்லாக் கடையும் அப்படி அல்ல. எது அப்படி என்று வாங்குகிறவர் கண்ணும் மூக்கும்தான் சொல்ல வேண்டும்.

கண் தெளிவாக, கொஞ்சம் புடைத்திருக்க வேண்டும். பால் படிந்தது போல மங்கி உள்ளே போயிருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். விரலால் அழுத்தினால் சதை குழியாக நிற்கக் கூடாது, திரும்ப எழ வேண்டும். ஏற்கெனவே மசாலா தடவிய மீனில் இது எதையுமே பார்க்க முடியாது. பச்சை மீனை வாங்கிச் சமைக்கக் கொடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

எது வறுவலுக்கு, எது குழம்புக்கு?

முதல்முறை போகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. இருப்பதிலேயே பெரிய கட்லாவைக் காட்டி, “முழுசையும் வறுத்துடுங்க” என்பார்கள். கட்லா, ரோகு இரண்டின் சதைக்குள்ளும் ஒய் வடிவத்தில் மெல்லிய முட்கள் ஒளிந்திருக்கும். பேச்சு சுவாரசியத்தில் வாயில் போட்டால் தொண்டையில் மாட்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த மீனின் வயிற்றுப் பகுதித் துண்டை மட்டும் வறுவலுக்கு எடுங்கள். அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரியும் பெரிய விலா முள். கட்லாவின் தலை குழம்புக்கென்றே படைக்கப்பட்டது. அதை எண்ணெயில் போடுவது பாவம்.

வறுவலுக்கு ராஜா, விலை குறைந்த ஜிலேபிதான். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். நடுவில் ஒரு முள்வரிசை, இரண்டு பக்கமும் வெள்ளைச் சதை. உள்ளங்கை அகல மீனை இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, கீறலுக்குள் மசாலா இறங்கும்படி தேய்த்து, அரை மணி நேரம் ஊறவைத்துப் பொரித்தால், தோல் மொறுமொறுவென்று எழும்பும். உள்ளே ஆவி பறக்கும். சிலருக்கு இதில் ஒரு மண் வாடை பிடிக்காது. தேங்கிய தண்ணீரில் வளரும் மீனுக்கு அது வரும். எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்து அலசினால் வாடை மட்டுப்படும். “எலுமிச்சை கூடுதலாப் போட்டு அலசுங்கக்கா” என்று சொன்னால் போதும், அவர்களுக்கே தெரியும்.

ஆற்று வாளை கிடைத்தால் அதிர்ஷ்டம். முள் குறைவு, கொழுப்பு அதிகம். ஆனால், அது உலக அளவில் குறைந்துவரும் மீன். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.யு.சி.என்., அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களில் அதைச் சேர்த்திருக்கிறது. குட்டி வாளையை வாங்காமல் விடுவது ஆற்றுக்கு நாம் செய்யும் சின்ன மரியாதை.

கெளுத்தி குழம்புக்கு அருமை. அதில் ஒரு எச்சரிக்கை. தட்டையான அகன்ற தலை, நீளமான மீசைகள், முதுகில் ஆரம்பித்து வால் பக்கம் வரை ஒரே நீளமாக ஓடும் துடுப்பு… இப்படி இருந்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். மற்ற மீன்களை விழுங்கித் தீர்க்கும் இனம் என்பதால், இதை வளர்ப்பதற்கு இந்தியாவில் 2000-ம் ஆண்டு முதலே தடை இருக்கிறது. நம் ஆற்றுக் கெளுத்திக்கு முதுகில் குட்டையான துடுப்பும், அதில் குத்தும் முள்ளும் இருக்கும்.

கடைசியாக, யாராவது ரகசியக் குரலில் ‘பெரிய மஷீர் இருக்கு’ என்றால் நகர்ந்துவிடுங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடிய திமில் மஷீர், உலகத்தில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே தூண்டில்காரர்களின் கனவு மீன். அதன் அறிவியல் பெயரே 2018-ல்தான் உறுதியானது. பெயர் வைத்த கையோடு ‘மிக அருகிவிட்ட இனம்’ என்ற பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. ஆற்றின் ஆழமான மடுக்களில் ஒதுங்கும் பெரிய மீன்களுக்கு அதைவிடப் பெரிய எமன் இல்லை.

இந்த ஆற்றை நம்பி இருக்கும் மீன்பிரியர்கள் நாம் மட்டுமல்ல. நீர்நாய்களும் முதலைகளும் ஆமைகளும் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக் கரைக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் ‘காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்’ என்று தமிழக அரசு அறிவித்ததும் இவற்றுக்காகத்தான்.

எண்ணெயைப் பாருங்கள், சிவப்பைப் பாருங்கள்

நல்ல மீனையும் கெடுக்க ஒரு சட்டி எண்ணெய் போதும். காலையில் ஊற்றிய எண்ணெயிலேயே சாயங்காலம் வரை பொரித்தால் அது கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டும். திரும்பத் திரும்பச் சூடாக்கும் எண்ணெயில் உருவாகும் கேடான சேர்மங்களின் அளவு 25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. சட்டிக்குள் மீட்டர் வைத்துப் பார்க்க நம்மால் முடியாது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் காரல் வாடை காட்டிக்கொடுத்துவிடும். நீங்களே வாங்கித் தந்த எண்ணெய்ப் பாக்கெட் உங்கள் எதிரில் உடைந்தால், இந்தக் கவலையே இல்லை.

அடுத்தது நிறம். மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேர்ந்தால் வருவது செங்கல் நிறம். கல்யாணப் பந்தல் சீரியல் பல்பு மாதிரி பளீரென்று சிவந்தால், அது மிளகாயின் வேலை அல்ல. விரலில் ஒட்டிய சிவப்பு சோப்புப் போட்டும் போகவில்லையா, அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். ஆற்றின் எதிர்க்கரை கர்நாடகம். அங்கே சிக்கன், மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்க்க 2024 ஜூனில் மாநில அரசு தடையே போட்டது.

பொரித்ததைப் பழைய பேப்பரில் வாங்காதீர்கள். அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும் என்று ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இங்கிலாந்துக்காரர்களும் நியூஸ்பேப்பரில் சுற்றித் தின்றவர்கள்தான். அவர்களும் விட்டுவிட்டார்கள். வாழை இலைத் துண்டு கேட்டால் தருவார்கள்.

சிப்ஸுக்கு இங்கே என்ன? வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயமும் ஒரு மூடி எலுமிச்சையும்தான். அதற்கு மேல் ஆசைப்பட்டால், தருமபுரி மண்ணின் ராகிக் களி. சூடான களி உருண்டையில் குழி பறித்து, அதில் கட்லாத் தலைக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் ஜிலேபி வறுவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்… அதற்கு ஈடாகக் கிழங்கு வறுவலைச் சொல்கிறவர்கள் களி சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். எல்லா இடத்திலும் களி கிடைக்காது. சமையல்கார அக்காவிடம் காலையிலேயே கேட்டுப் பாருங்கள்.

வெறும் வயிற்றோடு நேராக மீன் கடைக்குப் போவதும் சரியல்ல. மசாஜ் தொழிலாளர்கள் தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்து, தட்டி, உருவி விடுவார்கள். அதோடு போய் அருவியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வரும்போது ஒரு பசி எடுக்கும் பாருங்கள்… ஒகேனக்கல் மீனின் ருசியில் சரிபாதி அந்தப் பசிக்குச் சேர வேண்டியது.

கனஅடிக் கணக்கில் எரியும் அடுப்பு

கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்லு’ என்றால் கல். தண்ணீர் பாறையில் மோதிப் புகை மாதிரி எழுவதால் வந்த பெயர். ஆனால், அந்தப் புகை அளவோடு எழுந்தால்தான் இந்தப் புகையும் எழும்.

கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையம் காவிரி நீரை அளக்கிறது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தக் கணக்கு சரிபார்க்கப்படும் இடம் அதுதான். டெல்டா விவசாயிக்கு அந்த எண், ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, குறுவை நடலாமா என்ற கேள்வி. ஒகேனக்கல்லின் சமையல்காரப் பெண்ணுக்கோ, இன்றைக்குக் கூலி உண்டா என்ற கேள்வி.

கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்தால், ஒகேனக்கல்லில் நீர்வரத்து எகிறும். மாவட்ட நிர்வாகம் முதலில் பரிசலை நிறுத்தும், அருவியில் குளிக்கத் தடை போடும். 2018, 2024 ஆண்டுகளின் வெள்ளத்தில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. அருவி எது, பாறை எது என்று தெரியாமல் ஆறே ஒரே செம்மண் பரப்பானது. குளியல் இல்லை என்றால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லை என்றால் மசாஜ் இல்லை, பரிசல் இல்லை, அடுப்பும் இல்லை. ஆடிப்பெருக்குக்கு மாவட்ட நிர்வாகம் விழா எடுக்கும் ஊர் இது. ஆனால், வருஷத்திலேயே அதிகம் சம்பாதிக்க வேண்டிய அந்த ஆடி மாதத்தில்தான் தடையும் அடிக்கடி வந்து நிற்கிறது.

கோடையில் நேர் எதிர். பள்ளி விடுமுறையில் கூட்டம் வரும், தண்ணீர் மெலிந்திருக்கும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், சந்தையில் கடல் மீன் வரத்து குறைந்து ஆற்று மீனுக்குக் கிராக்கி ஏறும். அந்த மாதங்களில் விலை கூடுதலாகச் சொன்னால் உடனே கொள்ளை என்று பொங்க வேண்டாம். நாலு கடை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2020-ல் கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் சுற்றுலாத் தலங்களைப் பூட்டியபோது, ஆற்றில் தண்ணீரும் இருந்தது, மீனும் இருந்தது. சாப்பிட ஆள் இல்லை. மாதச் சம்பளமோ விடுப்போ இல்லாத தொழில் இது. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும்தான் வருமானம். பேசிய கூலியைக் கொடுக்கும்போது கடைசி நேரத்தில் பேரம் பேசும் காரோட்டிகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு வந்துவிட்டு, புகையில் இரண்டு மணி நேரம் நின்றவரிடம் ஐம்பது ரூபாய் குறைப்பதில் என்ன சாமர்த்தியம்?

இதே தண்ணீர்தான் குழாய் வழியாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வீடுகளுக்கும் போகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடி, பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மக்களுக்காக, ஜப்பானின் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மீன் கழுவிய கழிவையும் எண்ணெயையும் பிளாஸ்டிக் பையையும் ஆற்றில் தள்ளாதீர்கள் என்று சொல்வது வெறும் அழகுக்காக அல்ல.

எப்படிப் போகலாம்?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர், அரசுப் பேருந்துகள் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் தருமபுரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். சேலத்துக்காரர்களுக்கு மேச்சேரி, பென்னாகரம் வழி. பெங்களூருவிலிருந்து வருகிறவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வரலாம். தங்குவதற்கு ஹோட்டல் தமிழ்நாடும் தனியார் விடுதிகளும் உள்ளன.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவே, நீர்வரத்து எத்தனை கனஅடி, குளிக்க அனுமதி உண்டா என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். வெள்ளத் தடை நீங்கி ஒரு வாரம் கழித்துப் போனால் அருவியும் நன்றாக இருக்கும், கூட்டமும் மிதமாக இருக்கும். முடிந்தால் ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போங்கள். அன்று மீன் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும், அடுப்புக்காரருக்கும் நேரம் இருக்கும். காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால் முதல் வலை மீன் கையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி செல்ஃபி எடுக்க வேண்டாம். பாறை வழுக்கும், சுழல் கண்ணுக்குத் தெரியாது.

சாயங்காலம் வெயில் சாயும்போது கூட்டம் பேருந்து நிலையம் பக்கம் திரும்பும். கடைசித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, எரிந்துகொண்டிருக்கும் விறகின் மேல் ஒரு சொம்பு காவிரித் தண்ணீரை ஊற்றுவார்கள். சுர்ரென்று சத்தம் வரும், கொஞ்சம் புகை வரும். அரைகுறையாக எரிந்த கட்டைகளை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் பென்னாகரம் பஸ்ஸுக்கு நடப்பார்கள். நாளைக்குத் தண்ணீர் எவ்வளவு வரும் என்பதுதான் பஸ்ஸிலும் பேச்சு.